யாருடைய நடத்தை?

பள்ளி ஆசிரியர்களுக்கென்று அச்சிடப்பட்ட எய்ட்ஸ் விழிப்புணர்வுக் கையேடுகளைச் சில ஆண்டுகளாகச் சேர்த்துவருகிறேன். பழைய புத்தகக் கடைகளிலும், ஓய்வுபெற்ற ஆசிரியைகளின் வீட்டுப் பரண்களிலும் கிடைத்தவை. அட்டையில் சிவப்பு நாடா இருக்கும். உள்ளே வைரஸின் படம், ‘பரவும் வழிகள்’, ‘பரவாத வழிகள்’. எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு வடிவில் வந்துவிடும் சொல் ஒன்று உண்டு: ‘ஆபத்தான நடத்தை’. புகை, மது, போதை ஊசி, திருமணத்துக்கு முந்தைய பாலுறவு என்று அதன் கீழே ஒரு பட்டியல் நீளும். பிள்ளைகளை இந்தப் பட்டியலிலிருந்து விலக்கி வைத்துவிட்டால் நோயைத் தடுத்துவிடலாம் என்பது கையேட்டின் கணக்கு.

அந்தப் பட்டியலில் நான் தேடிப் பார்ப்பது வேறொன்று: கல்யாணம். என்னிடம் இருக்கும் எந்தக் கையேட்டிலும் அது இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. தொற்றிய பெண்களில் மிகப் பலருக்கு நோய் வந்தது அந்த வழியாகத்தான். பள்ளிக்கூடம் பெண்பிள்ளையிடம் “உன் நடத்தையைப் பார்த்துக்கொள்” என்றது. அவளை நோய் வந்தடைந்ததோ இன்னொருவருடைய நடத்தையால். இந்த இடைவெளி எப்படி உருவானது, ஏன் இத்தனை காலம் நிலைத்தது என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றி. வளரிளம் பருவத்தினரின் உடல்நலத்தை ‘ஆபத்தான நடத்தைகள்’ என்ற தலைப்பில் எண்ணிப் பார்க்கும் வழக்கம் அமெரிக்காவில் வலுப்பெற்றது. அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1990இல் ஒரு கண்காணிப்புத் திட்டத்தை உருவாக்கி, 1991இலிருந்து உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கேள்வித்தாள் கொடுத்துவருகிறது. சிகரெட் பிடித்தாயா, குடித்தாயா, சீட் பெல்ட் போட்டாயா, பாலுறவு கொண்டாயா, ஆணுறை பயன்படுத்தினாயா என்று கேள்விகள் போகும். ஒரு நாடு தன் பிள்ளைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள இது பயனுள்ள வழிதான். ஆனால் இந்தக் கேள்விகளுக்கு அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: செய்வதும் செய்யாமல் இருப்பதும் அந்தப் பிள்ளையின் கையில் இருக்கிறது. தன் உடல்மீது தனக்கே அதிகாரம் உள்ள ஒருவரிடம் கேட்கும் கேள்வி அது. பதினேழு வயதில் மாமனுக்கோ அத்தை மகனுக்கோ கட்டிக்கொடுக்கப்படும் பெண்ணிடம் அதே கேள்வியைக் கேட்டால், “இல்லை” என்ற பதிலே எல்லாவற்றுக்கும் வரும். கேள்வித்தாளின்படி அவளுக்கு ஆபத்தே இல்லை.

இந்தியாவில் எச்.ஐ.வி.யின் கதை பெண்களின் ரத்தத்திலிருந்து தொடங்குகிறது. அதுவும் சென்னையில். 1980களின் நடுவில், இது மேல்நாட்டு நோய், நம் ஊருக்கு வராது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த நேரம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் இந்நோய்க்கான சோதனையை ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். நிர்மலா அப்போது இரண்டு குழந்தைகளின் தாய். சிறிய ஊரில், மரபான குடும்பத்தில் வளர்ந்தவர். தயங்கியவருக்குத் தைரியம் சொன்னவர் அவருடைய கணவர். பாலியல் தொழில் செய்ததாகப் பிடித்து வைக்கப்பட்டிருந்த பெண்களை அரசு காப்பு இல்லங்களில் தேடிப்போய், மூன்று மாதங்களில் 80 பேரின் ரத்தத்தை நிர்மலா எடுத்தார். கையுறை இல்லை. பாதுகாப்புக் கருவி எதுவும் இல்லை. சேமிக்க வசதி இல்லாததால் மாதிரிகள் அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தன. 1986 பிப்ரவரியில் அவற்றை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப்போனார். அங்கே ஜேக்கப் ஜானின் துறையில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் நோய்க்கிருமிக்கான அடையாளம் தெரிந்தது. அமெரிக்காவில் நடந்த மறுசோதனையும் அதை உறுதிசெய்தது. அந்த ஆண்டு மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார்.

இந்தியாவில் இந்நோயைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு பெண்கள் என்பதை நாம் பெருமையோடு சொல்லலாம், சொல்ல வேண்டும். நீண்ட காலம் நிர்மலாவின் பெயர் வெளியே தெரியாமலே இருந்தது. அதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரத்தம் கொடுத்த பெண்களுக்கு எதற்கான சோதனை இது என்று சொல்லப்படவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள் என்று நிர்மலாவே பிற்பாடு ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஆக, இந்த நாட்டில் எச்.ஐ.வி. பற்றிய அறிவு எந்தப் பெண்களின் உடலிலிருந்து கிடைத்ததோ, அந்த அறிவு அந்தப் பெண்களுக்குக் கொடுக்கப்படவில்லை. பின்னால் பள்ளிக்கூடங்களில் நடந்ததைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த முதல் காட்சி நினைவுக்கு வருகிறது.

அறிவுக்குப் பதிலாக அந்தப் பெண்களுக்குக் கிடைத்தது பூட்டு. எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரிந்த பெண்கள், தண்டனைக் காலம் முடிந்தும் காப்பு இல்லங்களில் அடைத்து வைக்கப்பட்டார்கள். அவர்களை வெளியே விட்டால் நோய் பரவும் என்பது காரணம். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் அவர்களுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1990இல்தான் அவர்கள் விடுதலைக்கு வழி பிறந்தது. கோவாவில் 1989இல் டொமினிக் டிசோசா என்ற இளைஞர், ரத்த தானம் செய்தபோது தொற்று தெரியவந்ததால், பொதுச் சுகாதாரச் சட்டத்தின் பெயரில் தனிமைச் சிறையில் வைக்கப்பட்டார். நோயைக் கிருமியாகப் பார்க்காமல் ஆளாகப் பார்த்த காலம் அது. சென்னையில் அந்த ‘ஆள்’ பெண்ணாக இருந்தாள். அவளிடம் வந்துபோன ஆண்களை யாரும் தேடவில்லை. அவர்கள் வீட்டுக்குத்தான் திரும்பினார்கள்.

வீட்டில் யார் இருந்தார்கள்? இந்தக் கேள்விக்கு 1990களின் மருத்துவ ஆய்வுகள் பதில் சொல்லத் தொடங்கின. புனேயில் பால்வினை நோய்ச் சிகிச்சை மையங்களுக்கு வந்த, பாலியல் தொழிலில் இல்லாத பெண்களிடையே நடந்த ஆய்வு 1997இல் வெளிவந்தது. அவர்களில் 13.6 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. பெரும்பாலோர் திருமணமானவர்கள், கணவரைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். சுனிதி சாலமன் 1993இல் சென்னையில் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்துக்கு வந்த பெண்களைப் பற்றி 2000இல் வெளியான ஆய்வும் இதையே சொன்னது. கணவருக்கு உண்மையாக இருப்பதுதான் பாதுகாப்பு என்று எல்லாச் சுவரொட்டிகளும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அப்படி இருந்த பெண்களே மருத்துவமனை வரிசையில் நின்றார்கள். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணிகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்குத் தொற்று இருந்தது.

அந்தப் பெண்களில் ஒருவர் வாய்திறந்து பேசினார். நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா, இருபதை ஒட்டிய வயதில் உறவினருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டு, சில வாரங்களிலேயே தொற்றோடு திரும்பியவர். தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் பொதுவெளியில் பேசிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவர். எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்கான அமைப்பை 1998இல் வேறு சில பெண்களோடு சேர்ந்து தொடங்கினார். அவருடைய வாழ்க்கையைக் கையேட்டின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புகை இல்லை, மது இல்லை, ஊசி இல்லை, திருமணத்துக்கு முன் உறவு இல்லை. பட்டியல் முழுவதிலும் அவர் தேர்ச்சி பெற்றவர். அவரிடம் இல்லாமல் போனது ஒன்றே ஒன்று: தாலி கட்டிக்கொள்ளும் முன், மாப்பிள்ளைக்குச் சோதனை எடுத்தாயிற்றா என்று கேட்பதற்கான அறிவும், கேட்டால் பதில் கிடைக்கும் என்ற நிலைமையும்.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். உடலைப் பற்றி மாணவர்களிடம் பேசும் வேலையை இந்திய அரசு தன் கையில் எடுத்தது நோய்க்காக அல்ல, எண்ணிக்கைக்காக. 1980இல் தேசிய மக்கள்தொகைக் கல்வித் திட்டம் தொடங்கியது. அதில் கருப்பை வந்தது, குடும்பநலம் வந்தது. ஆசை வரவில்லை, சம்மதம் வரவில்லை. மக்கள் பெருகினால் நாடு தாங்காது என்பதற்காகப் பெண்ணுடல் பாடமானது. இங்கே நம் ஊரின் பழைய குரல் ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் பெரியார் கர்ப்பத்தடைக்கென்று ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார். நாட்டின் வறுமைக்காகவும் தாயின் உடல்நலத்துக்காகவும் மற்றவர்கள் கர்ப்பத்தடையைக் கேட்கிறார்கள், நாமோ பெண்ணின் விடுதலைக்காகக் கேட்கிறோம் என்பது அவர் வாதம். பெண்ணுடலைப் பற்றிப் பேசுவது நம் பண்பாட்டுக்கு ஒவ்வாத இறக்குமதி என்று சொல்பவர்கள், மேடையிலும் ஏட்டிலும் தமிழில் அது பேசப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன என்பதை மறந்துவிடுகிறார்கள். அரசு தன் பாடத்திட்டத்துக்கு எடுத்துக்கொண்டது எண்ணிக்கைக் கணக்கை. பெரியாரின் காரணம் வெளியிலேயே நின்றது.

1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு உருவானது. 1994இல் தமிழ்நாடு தனக்கென்று ஒரு சங்கத்தை அமைத்தது. நாட்டிலேயே முதல் மாநிலச் சங்கம் அதுதான். பள்ளிகளில் எய்ட்ஸ் வகுப்புகளும், கல்லூரிகளில் செஞ்சுருள் சங்கங்களும் வந்தன. இவற்றின் நீட்சியாக 2005இல் மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை அறிவித்தது. ஒன்பதாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் ஆண்டுக்கு 16 மணி நேரம். குறைகள் இருந்தாலும், ஒரு பெண்பிள்ளை தன் உடலைப் பற்றி வகுப்பறையில் உட்கார்ந்து கேட்கக்கூடிய 16 மணி நேரம் அது.

இரண்டே ஆண்டுகளில் எதிர்ப்பு கிளம்பியது. 2007இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், குஜராத் உள்ளிட்ட மாநிலங்கள் இந்தத் திட்டத்தை நிறுத்தின. கையேட்டில் இருந்த உடல் படங்கள் ஆபாசம் என்றார்கள். பாடம் சொன்னால் பிள்ளைகள் செய்துபார்ப்பார்கள் என்றார்கள். 2009இல் மாநிலங்களவையின் மனுக்கள் குழு, வெங்கய்ய நாயுடு தலைமையில், தன் அறிக்கையைக் கொடுத்தது. பள்ளியில் பாலியல் கல்வி கூடாது, திருமணத்துக்கு முன் பாலுறவு கூடாது என்பதே மாணவர்களுக்குச் சொல்லப்பட வேண்டிய செய்தி, எச்.ஐ.வி. போன்ற பாடங்கள் மேல்நிலை வகுப்பு உயிரியலுக்குத் தள்ளப்பட வேண்டும் என்பது அதன் பரிந்துரை. யுனெஸ்கோ அதே 2009இல் வெளியிட்ட வழிகாட்டி, பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து, பாலியல் கல்வி பெற்ற பிள்ளைகள் அதனால் சீக்கிரமாக உறவில் இறங்குவதில்லை என்று காட்டியிருந்தது. பயத்துக்கு ஆதாரம் இல்லை. பயம்தான் கொள்கையாயிற்று.

மேல்நிலை உயிரியலுக்குத் தள்ளுவது என்றால் என்ன என்று ஆசிரியைகளுக்குத் தெரியும். பத்தாவதோடு படிப்பை விடும் பெண்ணுக்கு அந்தப் பாடம் கிடையாது. பதினொன்றில் வணிகவியல் எடுக்கும் பெண்ணுக்கும் கிடையாது. சீக்கிரம் கட்டிக்கொடுக்கப்படுபவள், அதாவது யாருக்கு அது மிகத் தேவையோ அவள், அதைத் தொடமாட்டாள். திருமணத்துக்கு முன் வேண்டாம் என்ற ஒற்றை வரியோடு அவள் மணமேடைக்குப் போவாள். மணமேடைக்குப் பிறகு என்ன என்பது குறித்து அந்த அறிக்கையில் அவளுக்கு ஒரு வார்த்தையும் இல்லை.

தமிழ்நாட்டில் 2005ஆம் ஆண்டு இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் நிற்கிறது. அந்த ஆண்டு செப்டம்பரில் ‘இந்தியா டுடே’ நடத்திய கருத்துக்கணிப்பு குறித்து நடிகை குஷ்பு கருத்துச் சொன்னார். படித்த ஆண் தன் மனைவி கன்னியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்பது ஒன்று. பெண்கள் கர்ப்பத்திலிருந்தும் பால்வினை நோயிலிருந்தும் தங்களைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பது இன்னொன்று. அடுத்து நடந்தது நமக்குத் தெரியும். துடைப்பமும் செருப்பும் தெருவுக்கு வந்தன. பல ஊர்களில் வழக்குகள் போடப்பட்டன. எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவை அத்தனையையும் ரத்துசெய்தது. வயதுவந்த இருவரின் திருமணமற்ற உறவு குற்றமல்ல என்றும், இத்தகைய விஷயங்களைப் பற்றிய விவாதத்தைச் சட்டம் கொண்டு அடக்கக் கூடாது என்றும் சொன்னது.

அந்தக் கூச்சலில் காணாமல் போனது குஷ்புவின் இரண்டாவது வாக்கியம். அரசு கோடிக்கணக்கில் செலவழித்துச் சுவரில் எழுதிய அதே அறிவுரையைத்தான் ஒரு பெண் சொன்னாள்: பாதுகாப்பாக இரு. அதற்குச் சில காலம் முன்புதான் ‘புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று ஊரெங்கும் பலகைகள் கேட்டுக்கொண்டிருந்தன. அந்தப் புள்ளி ராஜா பல இடங்களுக்குப் போகலாம், ஆணுறை எடுத்துப் போகலாம், அதைப் பற்றி டீக்கடையில் சிரித்துப் பேசலாம். அவனுக்கு வருமா என்று மாநிலமே கவலைப்பட்டது. புள்ளி ராஜாவின் பெண்டாட்டிக்கு வருமா என்று எந்தப் பலகையும் அந்த அளவில் கேட்கவில்லை. ஆணிடம் சொல்லும்போது விழிப்புணர்வாக இருந்தது, பெண் வாயில் வந்ததும் ஒழுக்கக்கேடாயிற்று. பள்ளி வகுப்பறை இந்தத் தெருவிலிருந்து விலகி நிற்கவில்லை. அந்த ஆண்டுகளில் பெண்கள் பள்ளிகளில் அந்தப் பாடத்தை நடத்திய எங்களுக்கு, குரலைத் தாழ்த்திக்கொள்வது பழகிப்போனது.

கொங்குப் பகுதியில் ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. லாரித் தொழிலை நம்பிய ஊர். ஒவ்வொரு தெருவிலும் ஓட்டுநர் வீடு, கிளீனர் வீடு இருக்கும். பயிற்சியில் சொல்லித்தந்தபடி, பெயர் எழுதாமல் கேள்விகளைப் போட ஓர் அட்டைப்பெட்டி வைத்தோம். பயிற்சியாளர்கள் எங்களுக்குக் கொடுத்த மாதிரிக் கேள்விகள் காதல் பற்றியவை, பையன்கள் பற்றியவை, தோழிகளின் வற்புறுத்தலைத் தவிர்ப்பது பற்றியவை. பெட்டிக்குள் வந்தவை வேறு. கொசு கடித்தால் வருமா என்று பத்துச் சீட்டு இருக்கும். வெள்ளைப்படுதல் பற்றிப் பத்து. “அப்பாவுக்கு இருக்குன்னு பேசிக்கிறாங்க, அம்மாவுக்கு எப்படிச் சொல்றது மிஸ்?” என்று ஒன்று வந்தது. “எங்க மாமாவுக்குத்தான் என்னைக் கட்டி வைக்கப் போறாங்க. அவரு லோடு ஏத்திக்கிட்டு வடக்க போவாரு. டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேட்டா தப்பா மிஸ்?” என்று இன்னொன்று.

தப்பில்லை என்றுதான் வகுப்பில் சொன்னேன். அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் இருக்கிறது, சோதனைக்குக் காசு வாங்கமாட்டார்கள், முடிவை வெளியே சொல்லமாட்டார்கள், மாப்பிள்ளை வீட்டாரிடம் பெண்வீட்டார் ஜாதகம் கேட்பதுபோல் இதையும் கேட்கலாம் என்றேன். சில வாரங்களில் அந்தப் பெட்டி எடுக்கப்பட்டுவிட்டது. “பொம்பளைப் பிள்ளைங்க படிக்கிற இடத்தில் இதெல்லாம் எதுக்கு?” என்று பெற்றோர் சிலர் கேட்டதாக மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். புத்தகத்தில் இருக்கும் பாடத்தை மட்டும் நடத்தச் சொன்னார்கள். அந்தச் சீட்டை எழுதிய பெண் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி கையேடுகள் எல்லாவற்றையும்விடத் தெளிவானது. ஆபத்து எங்கே இருக்கிறது என்று பதினான்கு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. அவள் கேட்டது அறிவுரை அல்ல. கேள்வி கேட்கும் உரிமை.

உடலின் நியாயமும் அவள் பக்கம்தான். ஆண் பெண் பாலுறவில் தொற்று ஆணிடமிருந்து பெண்ணுக்குப் போவது, பெண்ணிடமிருந்து ஆணுக்குப் போவதைவிட எளிது. வளர்ச்சி முழுமையடையாத இளம்பெண்ணின் கருப்பைவாய்த் திசு இன்னும் எளிதாகத் தொற்றுக்கு இடம் கொடுக்கும். வற்புறுத்தலில் காயம் ஏற்பட்டால் அபாயம் கூடும். ஆணுறை ஆணின் உடலில் இருப்பது. அதை அணியச் சொல்வதற்குப் பெண்ணுக்குப் பேச்சு வேண்டும். புதுமணப்பெண் அதைக் கேட்டால், “உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?” என்ற கேள்விதான் முதலில் வரும். அறியாமையைக் கற்பின் அடையாளமாக வைத்திருக்கும் சமூகத்தில், தெரிந்துவைத்திருப்பதே பெண்ணுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. குடும்ப நல ஆய்வின் எண்களை இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். 2019-21 ஆய்வில், எச்.ஐ.வி. பற்றி முழுமையான அறிவு உள்ளவர்கள் இந்திய ஆண்களில் 30.7 சதவீதம், பெண்களில் 21.6 சதவீதம். எல்லா விளம்பரங்களுக்கும் எல்லாத் திட்டங்களுக்கும் பிறகு, ஐந்தில் நான்கு பெண்களிடம் அந்த அறிவு போய்ச் சேரவில்லை.

தமிழ்நாடு இந்நோயைப் பெருமளவு கட்டுப்படுத்தியது உண்மை. அது எப்படி நடந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பாலியல் தொழில் செய்யும் பெண்களே சக தொழிலாளிகளிடம் ஆணுறையையும் தகவலையும் கொண்டுபோனார்கள். லாரி நிறுத்தங்களில் சிகிச்சை மையங்கள் வந்தன. 2004 ஏப்ரலில் தாம்பரம் மருத்துவமனை உள்ளிட்ட சில இடங்களில் அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியது. எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்துத் துணை நின்றார்கள். 2017இல் வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், தொற்றுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுப்பதைத் தடைசெய்தது. இவற்றில் எதுவும் ‘நடத்தையை’க் கண்டித்து வந்த வெற்றி அல்ல. மக்களின் கையில் அறிவையும் கருவியையும் மருந்தையும் கொடுத்ததால் வந்தது.

இதற்கிடையே பெண்பிள்ளையின் பாதையில் புதிய கதவு ஒன்றும் சாத்தப்பட்டது. 2012இன் போக்சோ சட்டம் பதினெட்டுக்குக் கீழ் உள்ள எல்லாரையும் குழந்தையென்று வகுத்தது. பாலியல் வன்கொடுமைக்கு எதிராக அது மிகத் தேவையான சட்டம். ஆனால் அதன்படி, பதினேழு வயதுப் பெண் தன் விருப்பத்தோடு இருந்த உறவுக்குப் பிறகு மருத்துவரிடம் போனால், மருத்துவர் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். அதனால் அவள் மருத்துவரிடம் போகாமல் மருந்துக்கடைக்கோ வேறெங்கோ போகிறாள். 2022இல் கருக்கலைப்பு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், இத்தகைய பெண்ணின் பெயரை மருத்துவர் வெளியிடத் தேவையில்லை என்று ஓரளவு வழி திறந்தது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற இன்னொரு வழக்கில், 2024 செப்டம்பரில், பாலியல் கல்வி மேற்கத்தியச் சரக்கு என்ற எண்ணமே தவறு என்று அதே நீதிமன்றம் சொன்னது. 2020இல் தொடங்கிய பள்ளிச் சுகாதாரத் திட்டத்தின் 11 தலைப்புகளில் எச்.ஐ.வி. தடுப்பும் ஒன்று. தாள்களில் கதவு திறக்கிறது. வகுப்பறைக் கதவு ஒவ்வொரு பள்ளியிலும் யாரோ ஒருவர் திறந்தால்தான் உண்டு.

பாடத்தைவிடவும் பெரிய பாதுகாப்பு ஒன்று இருக்கிறது. அதைத் தெளிவாகக் காட்டியது, எச்.ஐ.வி.யால் மிகக் கடுமையாகத் தாக்கப்பட்ட ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானா. அங்கே 1996இல் நடந்த ஒரு கல்விச் சீர்திருத்தத்தால் பிள்ளைகள் பள்ளியில் கூடுதலாக ஓர் ஆண்டு படிக்க நேர்ந்தது. அந்தத் தலைமுறையை முந்தைய தலைமுறையோடு ஒப்பிட்டு 2015இல் வெளியான ஆய்வு, உயர்நிலைப் பள்ளியில் கழித்த ஒவ்வொரு கூடுதல் ஆண்டும் பிற்காலத்தில் எச்.ஐ.வி. வரும் வாய்ப்பை 8.1 சதவீதப் புள்ளிகள் குறைத்ததாகக் கண்டது. பலன் பெண்களிடம் அதிகம். அந்தக் கூடுதல் ஆண்டு எய்ட்ஸ் பாடத்துக்கென்று ஒதுக்கப்பட்டதல்ல. வழக்கமான கணக்கும் மொழியும் அறிவியலும்தான். படித்த பெண் தாமதமாக மணம் முடிக்கிறாள், சொந்தமாகச் சம்பாதிக்கிறாள், கேள்வி கேட்கிறாள். அவ்வளவுதான்.

இதை நம் மாநிலத்தில் வைத்துப் பார்க்கலாம். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், தேவதாசி முறைக்கு எதிராகப் போராடியவர். அவர் பெயரில் 1989இல் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் கொண்டுவந்தது. பெண் குறிப்பிட்ட வகுப்புவரை படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. படிப்பைத் தொடரச் செய்த திட்டம்தான். ஆனால் பணம் கல்யாணத்துக்குப் போனது. 2022இல் அதே திட்டம் மாற்றப்பட்டு, அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் என்று ஆனது. சுகாதாரத் துறைக் கோப்புகளில் இந்த மாற்றம் எய்ட்ஸ் தடுப்பு என்று பதிவாகாது. நான் அதை அப்படித்தான் பதிவுசெய்ய விரும்புகிறேன். காப்பு இல்லத்துப் பெண்களின் பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை. என்ன சோதனை என்று தெரியாமலே கையை நீட்டிய அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன், அடுத்த தலைமுறைப் பெண்ணுக்கு என்ன சோதனை, யாருக்குச் சோதனை, முடிவு என்ன என்று கேட்கும் இடத்தைத் தருவதுதான். அந்த இடம் கிடைத்துவிட்டால், அவளுடைய நடத்தையைப் பற்றிக் கையேடு கவலைப்படத் தேவையில்லை.